ரெயின்போ நகர் டிரங்குப் பெட்டியில் ஒரு ரோமானியப் படை: நிகழ்வு ஆய்வு

புதுச்சேரி ரெயின்போ நகரில் ஒரு டீச்சர் வீட்டுப் பழைய பொம்மைப் பெட்டி. அந்த ஒரே பெட்டிக்கு ஒரே வாரத்தில் இரண்டு விலை. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான் விற்கும் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஹாங்காங் சரக்கு டீச்சர், பசங்க விளையாடிப் போட்டது, மொத்தமா 1,500 தரேன்" என்றாராம். அடுத்து வந்தவர் பழம்பொருள் தரகர். அவர் அதே பெட்டியைப் பார்த்து, "அத்தனையும் பிரெஞ்சு ஒரிஜினல், வெளிநாட்டு ஏலத்துக்குப் போனா 40,000-க்குக் குறையாது, போட்டோ எடுக்க, பதிவு பண்ண முதல்ல ஒரு 5,000 மட்டும் கொடுங்க" என்றாராம். டீச்சர் இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்தார். "தம்பி, ரெண்டு பேரும் பொம்மையக் கையில எடுத்தே பாக்கல. நீ வந்து எடுத்துப் பாரு."

நான் லாஸ்பேட்டையில் இருக்கிறேன். பழைய பிளாஸ்டிக் சிப்பாய்கள் சேர்ப்பது எனக்கு நெடுநாள் கிறுக்கு. அதிலும் லெஜியன் என்ற ரோமானியக் காலாட்படையின் வீரர்கள், வாள்சண்டைக்காரர்களான கிளாடியேட்டர்கள் என்றால் சோறு தண்ணி வேண்டாம். இந்தப் பெட்டியை விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. நம்ம ஊர்க் கடற்கரை வெக்கையில் ஒரு பொம்மை யாருடையது, எந்தக் காலத்தது என்று தேடுவதற்கு முன்னால், அது எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனிப் பெயர், விலை, யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்தப் பெட்டியில் அது துல்லியமாகத் தெரிந்தது.

பெட்டி வெளியே வந்த விதம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது பலருக்கும் நினைவிருக்கும். மழை கொட்டித் தீர்த்ததில் ரெயின்போ நகர் வழக்கம்போல முதலில் மூழ்கிய இடங்களில் ஒன்று. டீச்சர் வீட்டுக் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் கிடந்த இரும்பு டிரங்குப் பெட்டி பாதி நனைந்தது. தண்ணீர் வடிந்ததும் வீட்டில் வேலை செய்யும் பையன் பெட்டியில் இருந்ததை எல்லாம் மொட்டை மாடியில் கொட்டி வெயிலில் காயப் போட்டுவிட்டான். துணிமணி, தபால் கட்டு, இரண்டு பித்தளைச் சொம்பு, அவற்றோடு இந்தப் பொம்மைகள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் சில பொம்மைகளுக்கு வெள்ளத்தை விட அந்த வெயில்தான் கெடுதல் செய்தது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

டீச்சரின் அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, 1964-ல் ஓய்வு பெற்று பென்ஷனோடு ஊர் திரும்பியவர். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுக்குக் கைமாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் இதுவும் ஒன்று. பொம்மைகள் முழுவதும் அப்பா ஓய்வு பெற்று வரும்போது ஒரே தடவையில் கொண்டுவந்தவை என்பது டீச்சர் வீட்டில் எல்லோரும் நம்பிய கதை. தரகர் "அத்தனையும் பிரெஞ்சு" என்று அடித்துச் சொன்னதற்கும் இந்தக் கதைதான் ஆதாரம்.

தட்டிப் பார்த்தல், திருப்பிப் பார்த்தல்

சாப்பாட்டு மேசையில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து எல்லாவற்றையும் படுக்க வைத்தோம். நின்ற நிலையில் வைக்கக் கூடாது, ஏனென்றால் கணுக்காலில் விரிசல் விட்டது எது என்று தெரியாமல் நிற்க வைத்தால் அது ஒடிந்து விழும்போதுதான் தெரியும். மொத்தம் 51 உருவங்கள், ஒரு தேர், அதற்கு இரண்டு குதிரைகள். டிரங்கின் அடியில் மிச்சமாக ஈட்டி நுனிகள், ஒரு கேடயம், யாருடையது என்றே தெரியாத ஒரு கை.

சேர்ப்பவர்கள் பெரும்பாலும் உருவத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள்: ஈட்டி எறிபவன் ஒரு பக்கம், வாள் உருவியவன் ஒரு பக்கம். அப்படிப் பிரித்தால் இந்த மாதிரிக் கலவைப் பெட்டியில் ஏமாந்து போவோம். ஒரே நிலையில் நிற்கும் வீரனை நாலு கம்பெனி செய்திருக்கும், அதில் மூன்று ஒன்றைப் பார்த்து இன்னொன்று காப்பியடித்தது. அதனால் நகத்தால் தட்டிக் கேட்டேன். சிலது 'டிக்'கென்று கண்ணாடி போலச் சத்தம் கொடுத்தன, மற்றவை மந்தமாகத் 'தப்'பென்றன. கடினமானவை 7. மற்ற எல்லாம் மென்மையானவை.

அப்புறம்தான் லென்ஸ் வைத்து அடிப்பாகம். கடினமான ஏழில் ஐந்தின் அடியில் ஸ்டார்லக்ஸ் என்ற பெயர் தெளிவாக இருந்தது. பிரான்ஸில் பெரிகோ நகரத்துக் கம்பெனி அது, பிரெஞ்சுப் பிள்ளைகள் வளர்ந்ததே அவர்கள் பொம்மையோடுதான் என்று சொல்லலாம். மீதி இரண்டின் அடிப்பாகம் தேய்ந்து போயிருந்தாலும் பெயிண்ட் வேலை ஒரே மாதிரி. முகத்தில் புருவத்துக்குத் தனிக்கோடு, உதட்டில் பொட்டு அளவு சிவப்பு, நிற்கும் தட்டில் பச்சையும் காவியும் கலந்த மண் நிறம், கையால் தீட்டியது.

மென்மையானவற்றில் 12 உருவங்களுக்குப் பெயிண்டே கிடையாது, ஆனாலும் கலர் கலராக இருந்தன. சட்டை ஒரு நிறம், கவசம் ஒரு நிறம், தோல் ஒரு நிறம். இது இங்கிலாந்தின் டிம்போ கம்பெனியின் கைவரிசை. ஒரு நிறப் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்து, அதன்மேலேயே அடுத்த நிறத்தைச் செலுத்தி, அதற்குமேல் இன்னொன்று என்று அடுக்கடுக்காக வார்ப்பது. பெயிண்டர் கூலி மிச்சம், பெயிண்ட் உரியும் பேச்சுக்கும் இடமில்லை. தலை, உடம்பு, கால் மூன்றும் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம். அதனால் இந்தப் பன்னிரண்டில் ஒருவனுக்கு ரோமானிய உடம்பின்மேல் கௌபாய் தொப்பி போட்ட தலை. இதை யாரோ ஒரு பொடியன் செய்திருக்கிறான், அந்தப் பொடியன் யார் என்பது பிறகு முக்கியமாக ஆனது.

அடுத்த 21, ஒரே நிற மென்மையான பிளாஸ்டிக்கில் வார்த்தவை. சாம்பல், பழுப்பு, ஒரு மாதிரி வெளிறிய சிவப்பு. 14-ன் அடியில் ஹாங்காங் என்று இருக்கிறது, மீதியில் எதுவும் இல்லை. பெயர் இல்லாததற்கு நாமாக ஒரு பெயர் வைக்கிற வழக்கத்தை நான் விட்டு நாளாகிறது.

கடைசியாக ஒரு சின்ன பிஸ்கட் டப்பா. உள்ளே சுமார் ஒரு அங்குல உயரத்துக்குக் குட்டிக் குட்டியாக 11 கிளாடியேட்டர்கள். 72-ல் ஒரு பங்கு அளவு, அதாவது இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி சிப்பாய்களின் அளவு. ஆனால் இவை ஏர்ஃபிக்ஸ் இல்லை. டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்த அட்டைப் பெட்டியின் ஒரு மடலில் அட்லாண்டிக் என்று இருந்தது. இத்தாலிக்காரர்கள். ரோமானியர், கிரேக்கர், எகிப்தியர் என்று பழங்காலத்தையே வரிசையாகப் போட்டவர்கள். பொம்மையை விட அந்த அட்டைத் துண்டுக்குத்தான் நான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

ஆக, முதல் ஆள் சொன்னதும் பொய், இரண்டாம் ஆள் சொன்னதும் பொய். 51-ல் பிரெஞ்சு 7 மட்டும்.

தண்ணீரும் உப்பும்

எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்க லேப் எதுவும் வேண்டாம், இரண்டு டம்ளர் போதும். ஒன்றில் சாதாத் தண்ணீர், இன்னொன்றில் இதற்குமேல் கரையாது என்கிற வரைக்கும் உப்புப் போட்ட தண்ணீர். லிட்டருக்கு சுமார் 350 கிராம் பிடிக்கும். டீச்சர் வீட்டில் மரக்காணத்துக் கல்லுப்பு இருந்தது, அதைத்தான் போட்டோம். பாலிஎத்திலீன் தண்ணீரை விட லேசு, மிதக்கும். பாலிஸ்டைரீன் கொஞ்சம் கனம், அதன் அடர்த்தி சுமார் 1.05, சாதாத் தண்ணீரில் முழுகி உப்புத் தண்ணீரில் மிதக்கும். செல்லுலோஸ் அசிடேட் சுமார் 1.3 என்பதால் இரண்டிலும் முழுகும், ஏனென்றால் உப்புத் தண்ணீரே 1.2-தான்.

பொம்மையை முழுசாக முக்கக் கூடாது, குறிப்பாகக் கையால் பெயிண்ட் அடித்ததை. இதற்குத்தான் டிரங்கின் அடியில் கிடந்த ஒடிந்த துண்டுகள். ஸ்டார்லக்ஸ் வீரன் ஒருவனின் ஈட்டி நுனி ஒன்று அவன் கையில் மிச்சமிருந்த குச்சியோடு சரியாகப் பொருந்தியது. அந்த நுனியை இடுக்கியால் பிடித்து, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தடவி (காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டால் கனமானதுகூட மிதந்து நம்மை ஏமாற்றும்), சாதாத் தண்ணீரில் போட்டேன். முழுகியது. எடுத்துத் துடைத்து உப்புத் தண்ணீரில் போட்டேன். அரைப் பல் நீளத் துண்டு, டம்ளரின் நடுவில் ஒரு நொடி தயங்கி, சாய்ந்தபடி அடிக்குப் போனது. டீச்சர் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, "முழுகிடுச்சே, நல்லதா கெட்டதா?" என்று கேட்டார்.

கெட்டது. அசிடேட் என்றால் நம்ம ஊரில் ஆயுள் குறைவு. பழைய சினிமாப் படச்சுருள்கள் புளிச்ச வாடை அடித்து வீணாகப் போகின்றனவே, அதே பொருள், அதே நோய். ஈரமும் சூடும் சேர்ந்தால் அசிடேட்டிலிருந்து அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்பு, கழன்று வெளியே வருகிறது. வந்த அமிலமே மிச்சப் பிளாஸ்டிக்கை இன்னும் வேகமாகக் கெடுக்கிறது. மூடிய டப்பாவில் வைத்தால் அமில ஆவி போக வழியில்லாமல் பக்கத்தில் இருக்கும் அசிடேட்டையும் தொற்றும். பொம்மை சுருங்கும், வளையும், நிற்கும் தட்டு ஓரத்தில் மேலே மடியும்.

ஏழையும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டில் வினிகர் வாடை நிச்சயம். அதில் ஒருவன், கொடியேந்தி, மொட்டை மாடி வெயிலுக்குப் பிறகு தட்டு வளைந்து பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டான். எங்கே வைத்தாலும் வானத்தைப் பார்க்கிறான். மாடிக்குப் போவதற்கு முன் நேராக நின்றதாகப் பையன் சத்தியம் செய்கிறான். பல வருஷம் உள்ளுக்குள் நடந்துகொண்டிருந்ததை வெள்ள ஈரமும் தளச் சூடும் சேர்ந்து சில நாளில் முடித்துவிட்டன. இதைத் திருப்ப முடியாது. வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது மென்மையான பிளாஸ்டிக்குக்கு உண்டான வைத்தியம், அசிடேட்டுக்கு ஈரமே விஷம்.

டிம்போ 12-ம், ஒரே நிற 21-ம், குட்டி 11-ம் தண்ணீரில் மிதந்தன. பாலிஎத்திலீன். இவற்றுக்கு ஈரம் ஒன்றும் செய்யாது, வெயில்தான் எமன். சூரிய ஒளியில் இருக்கிற புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து உள்ளே இருக்கும் நீளமான சங்கிலிகளை அறுத்துவிடும். பார்வைக்கு அப்படியே இருக்கும், வளைத்தால் மட்டும் பிஸ்கட் மாதிரி ஒடியும். அதனால் பழைய பாலிஎத்திலீன் வீரனின் ஈட்டி வளைந்திருந்தால் கையால் நிமிர்த்திப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

க்யூட்டெக்ஸ் சாட்சி

ஒரே நிற வீரர்களில் ஒன்பது பேரின் சட்டைக்கு யாரோ பளபளவென்று சிவப்பு தீட்டியிருந்தார்கள். டீச்சர் பார்த்ததும் சிரித்துவிட்டார். "எங்க அம்மாவோட க்யூட்டெக்ஸ் தம்பி அது. தம்பிப்பய எடுத்துப் பூசிட்டான்னு அன்னைக்கு அவனுக்குச் செம அடி." இங்கே ஒரு சுவாரசியம். பாலிஎத்திலீனில் எந்தப் பெயிண்டும் பிடிக்காது, மேற்பரப்பு அப்படி. அதனால் அந்த ஒன்பதிலும் சிவப்பு தோல்போல் தளர்ந்து நகம் பட்டாலே உரிந்து வந்தது. ஆனால் ஸ்டார்லக்ஸ் ஒருவனின் தோளிலும் ஒரு பொட்டு க்யூட்டெக்ஸ் இருந்தது. அது உரியவே இல்லை. லென்ஸில் பார்த்தால் சிவப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக்கே லேசாகக் கரைந்து குழிந்திருக்கிறது. நகப்பூச்சில் இருக்கிற கரைப்பான் அசிடேட்டைக் கரைக்கும், பாலிஎத்திலீனைத் தொடாது. டம்ளரில் பார்த்ததை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பொடியன் தெரியாமலே சோதித்து வைத்திருக்கிறான்.

தரகர் இந்தச் சிவப்பை எல்லாம் தின்னர் போட்டுத் துடைத்துவிடச் சொல்லியிருந்தாராம். செய்திருந்தால் ஏழு பிரெஞ்சு வீரர்களின் முகமும் போயிருக்கும், தேரும் போயிருக்கும். பழைய பொம்மையைத் தண்ணீர் நனைத்த பருத்தித் துணியால் துடைப்பதற்கு மேல் எதையும் தொடக் கூடாது என்பது என் கட்சி. அதுவும் அசிடேட் என்றால் உலர்ந்த மென்மையான பிரஷ் மட்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, கையாண்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பேரப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்கவே கூடாது.

அப்பா கொண்டுவந்ததா?

புதுச்சேரியில் ரோமானியன் என்று வாயைத் திறந்தாலே பேச்சு, அந்தக் கால ரோமானிய வணிகத்துக்குப் பேர்போன அரிக்கமேட்டுக்குப் போய்விடும், இதிலும் போனது. ஆனால் இங்கே அது பொருத்தமாகத்தான் போனது. 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த அரெட்டைன் என்ற செந்நிற மட்பாண்டத்தின் துண்டுகள் கிடைத்தன. அது எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். கூடவே அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளின் காலம் தெரியாது. தெரிந்ததை வைத்துத் தெரியாததற்குக் காலம் சொன்னார். தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது ஒரு பிடிமானம் ஆனது.

டிரங்குப் பெட்டிக்கும் அதே வேலைதான். டிம்போ ரோமானியர்களும் அட்லாண்டிக் கிளாடியேட்டர்களும் 1970-களின் சரக்கு. 1964-ல் ஊர் திரும்பியவர் 1970-களின் பொம்மையைக் கொண்டுவந்திருக்க முடியாது. பெட்டிக்கு அடியில் விரித்திருந்த தமிழ்ப் பேப்பர் 1978-ம் வருஷத்தது, ஆனால் அது பெட்டியை எப்போது கட்டி வைத்தார்கள் என்று சொல்லுமே தவிர எப்போது வாங்கினார்கள் என்று சொல்லாது. இந்த வித்தியாசத்தைப் பலரும் கவனிப்பதில்லை.

பாரிஸ் பக்கத்தில் இருக்கும் டீச்சரின் தம்பிக்கு வீடியோ கால் போட்டோம். அவர் படத்தைப் பார்த்த உடனே, நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே, "அக்கா, தொப்பிக்காரன் இருக்கானா?" என்றார். இருக்கிறான் என்று காட்டியதும் கதை வெளியே வந்தது. அப்பா கொண்டுவந்தவை பெயிண்ட் அடித்த வீரர்கள் மட்டும். கலர் வீரர்களும் குட்டிகளும் பிரான்ஸிலேயே தங்கிவிட்ட சித்தப்பா லீவில் வரும்போதெல்லாம் வாங்கி வந்தவை, ஒரு தடவை ரோமானியன், ஒரு தடவை கௌபாய். ஒரே நிறப் பொம்மைகள் இங்கேயே கடையில் வாங்கியவை என்பது அவர் நினைவு. டீச்சருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அப்பாவின் கடைசிப் பயணப் பெட்டி என்று இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தார். "அப்ப சித்தப்பா கணக்கும் இதுல இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த காபிக்கு எழுந்து போனார்.

ஹாங்காங் வீரர்கள் விஷயத்தில் ஒரு வேலை பாக்கி இருந்தது. இதில் ஒரு நிலை, கேடயத்தை உயர்த்தி முன்னால் பாய்பவன், என்னிடம் இருக்கும் அமெரிக்க மார்க்ஸ் கம்பெனி வீரன் மாதிரியே இருந்தான். 1959-ல் பென்ஹர் படம் வந்தபோது அதே பெயரில் விளையாட்டு செட் போட்டவர்கள் மார்க்ஸ். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன்: என்னுடையதை விட டீச்சருடையது இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் குட்டை. செய்த பொம்மையிலிருந்தே அச்சு எடுத்து வார்த்தால் இப்படித்தான் ஆகும், பாலிஎத்திலீன் ஆறும்போது சுருங்கும், காப்பியின் காப்பி இன்னும் குட்டையாகும். கவசத்தின் கோடுகளும் மழுங்கியிருந்தன. மார்க்ஸின் பழைய அச்சுகள் பிற்காலத்தில் கைமாறி மறுபடி வார்க்கப்பட்டதும் உண்டு, ஆனால் அவை அசல் அச்சிலிருந்து வருவதால் கோடு மழுங்காது. சந்தையில் யாராவது "மார்க்ஸ்" என்று சொல்லி விற்றால் அளவுகோலும் லென்ஸும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வலைக்காரன்

இது விலைக்கோ காலத்துக்கோ சம்பந்தமில்லாதது, எனக்குப் பிடித்ததால் எழுதுகிறேன். ஒரே நிற வீரர்களில் பெயரில்லாத ஒருவன், தலைக்கவசம் இல்லை, கையில் ஆயுதம் இல்லை, வெறும் துளை. டீச்சர் அவனை அடிமை என்று நினைத்திருந்தார். ஆனால் அவன் இடது தோளில் உயரமான ஒரு கவசத் தகடு. கிளாடியேட்டர்களில் மற்ற வகையினர் வாள் பிடிக்கும் வலது கையைத்தான் சுற்றிக் காப்பார்கள். இடது கையைக் காப்பவன் ரெட்டியாரியஸ், வலையும் முச்சூலமும் வைத்துச் சண்டை போடுபவன். அவனுக்கு எதிராளியாக விடுகிற செக்யூட்டருக்கு வலை சிக்காத மாதிரி வழவழப்பான உருண்டைத் தலைக்கவசம், கண்ணுக்கு இரண்டு சின்ன ஓட்டைகள். பிஸ்கட் டப்பாக் குட்டிகளில் அப்படி ஒருவனும் இருக்கிறான்.

அதேபோல ஸ்டார்லக்ஸில் ஒருவனின் தலைக்கவசத்து மேல் குஞ்சம் முன்னும் பின்னுமாக இல்லாமல் காதிலிருந்து காதுக்குப் போகிறது. அவன் சென்சூரியன், படைப்பிரிவின் தலைவன். சாதாரண லெஜியன் வீரன் வாளை வலது இடுப்பில் கட்டுவான், சென்சூரியன் இடது இடுப்பில். அந்த பிரெஞ்சுச் சிற்பி அதையும் சரியாகச் செய்திருக்கிறான். ஹாங்காங் காப்பிகளில் வாள் இஷ்டத்துக்கு இரண்டு பக்கமும் தொங்குகிறது.

தேர்

தேரில்தான் பெரிய சேதம். தேர் பாலிஸ்டைரீன், ஹாங்காங் முத்திரை. குதிரைகள் ரப்பர் மாதிரி மென்மையான பி.வி.சி. ஐம்பது வருஷம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே கிடந்ததில் ஒரு குதிரையின் பின்னங்கால் தேரின் முன்பலகைக்குள் உருகி இறங்கிவிட்டது. ஜியோமெட்ரி பாக்ஸில் அழிரப்பர் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு பள்ளம் விழுந்துவிடுமே, அதே கதை: பி.வி.சி.யை மென்மையாக்கக் கலக்கும் எண்ணெய் மெதுவாகக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை இளக்கிவிடுகிறது. இன்னொரு குதிரை தொட்டால் பிசுபிசுக்கிறது.

போதாக்குறைக்கு அந்துருண்டை. துணிக்குப் போட்டதுதான், ஆனால் ஒன்று உருண்டு வந்து தேருக்குள் உட்கார்ந்திருக்கிறது. நாப்தலீன் ஆவியும் பாலிஸ்டைரீனை இளக்கும். தேரின் தளத்தில் அரைவட்டமாக ஒரு பள்ளம், அதன் விளிம்பு மெழுகுபோல வழுவழு. பொம்மைப் பெட்டியில் அந்துருண்டை போடுகிற பழக்கம் நம்ம வீடுகளில் அதிகம், உடனே நிறுத்த வேண்டியது இது. பூச்சி பிளாஸ்டிக்கைத் தின்னாது.

குதிரையைத் தேரிலிருந்து பிரிக்க முயலவில்லை. பிரித்தால் இரண்டும் போகும். இரண்டாவது குதிரையை மட்டும் தனியாக எடுத்து, பாலிஎஸ்டர் தாளில் சுற்றி வைத்தோம்.

பங்கு

டீச்சர் கேட்டது எளிமையான கேள்வி: விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா, தம்பிக்கு எது? சேகரிப்பவர்கள் "பெட்டியைப் பிரிக்காதே, ஒரே இடத்தில் இருந்தால்தான் கதை" என்று சொல்வார்கள். பல இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இந்தப் பெட்டியில் அது தப்பு. அமிலம் விடும் அசிடேட்டை மற்றவற்றோடு மூடி வைப்பதும், எண்ணெய் கசியும் இரண்டாவது குதிரையைத் தேரோடு வைப்பதும் கதையைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு பொம்மையைக் கொல்வது. முதலில் பிரித்தோம், அப்புறம் பேசினோம். பிரித்த பிறகு காலியான டிரங்கைப் பார்த்த பழைய சாமான் கடைக்காரர் அதை மட்டும் 1,800-க்கு எடுத்துக்கொண்டார்.

ஒரே நிற 21-ம் தேரும் டீச்சருக்கு. வெயில் படாத உள்ளறைக் கண்ணாடி அலமாரி, வெயில் விழும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இல்லாமல் அதே பக்கச் சுவரில். க்யூட்டெக்ஸ் சட்டைகளில் கை வைக்கவில்லை. உரிந்து விழுவது விழட்டும். காசுக்கு இவை அவ்வளவாகப் போகாது, அதனால் விற்கச் சொல்லி நான் நெருக்கவும் இல்லை. டிம்போவில் முழுசாக இருந்த ஒன்பதை, தலை உடம்பு கால் சரியாகச் சேர்ந்தவை, சென்னையில் ஒரு சேகரிப்பவர் வாங்கிக்கொண்டார். உடைந்த இரண்டும் தொப்பிக்காரனும் டீச்சரிடம். அட்லாண்டிக் குட்டிகளை அந்த அட்டை மடலோடு சேர்த்து எனக்கே தந்துவிட்டார், நான் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அவர் நம்பவில்லை.

ஸ்டார்லக்ஸ் ஏழும் தம்பிக்கு. இதில் பாசம் கொஞ்சம், காரணம் நிறைய. அசிடேட்டுக்குக் குளிர்ச்சி வேண்டும், காற்றில் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும். ரெயின்போ நகரில் ஒரு ஏ.சி. அறையை இதற்காக இருபத்துநாலு மணி நேரமும் ஓட்ட முடியாது. பாரிஸ் பக்கத்து அடுக்குமாடியில் சூடு ஏற்றாத ஒரு அறை இருக்கிறதாம், அதில் வருஷத்தின் பெரும்பகுதி குளிர்தான்.

அதுவரை அவை என் வீட்டில். ஏழும் ஒன்றையொன்று தொடாமல், மூடி இல்லாத அட்டைத் தட்டில், பக்கத்தில் ஒரு கிண்ணம் கரி. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன்தான், அமில ஆவியை அது கொஞ்சம் உறிஞ்சும். வாடை அடிக்கும் இரண்டும் தனித் தட்டில். படச்சுருள் காப்பகங்களில் அமிலம் பார்க்க வைக்கும் தாள் ஒன்று உண்டு, நல்ல நிலையில் நீலம், அமிலம் ஏற ஏறப் பச்சை, முற்றினால் மஞ்சள். வரவழைத்து வைத்தேன். ஐந்துக்குப் பக்கத்தில் இன்னும் நீலம்தான், மற்ற இரண்டுக்குப் பக்கத்தில் பச்சையாகிவிட்டது. அதனால் கத்திரி தொடங்குவதற்கு முன்னால் அந்த இரண்டையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, உயரம், தட்டின் அகலம், சாய்வு எல்லாம் எழுதி வைத்தாயிற்று. தம்பி ஜூலையில் வருகிறார். திரும்பும்போது செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன், ஈட்டிகள் உடையாமல் போய்ச் சேர அதுதான் வழி. கொடியேந்தியையும் சேர்த்தா என்று டீச்சர் கேட்டதற்கு அவர், "அவனத்தான் முதல்ல வெச்சுக் கட்டு அக்கா" என்றார்.